மாதக் கடைசியிலும் குழம்பு மணக்கும்!

கேள்வி: வீட்டுக்காரர் சம்பளம் 18,000 ரூபாய். வாடகை 5,500. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். இருபதாம் தேதியோடு கை காலி. எதைக் குறைப்பது?
— இரண்டு பிள்ளைகளின் அம்மா, திண்டுக்கல்

பதில்: தட்டில் கை வைக்காதீர்கள். பருப்பு, முட்டை, பால், கீரை நான்கையும் கடைசிவரை விட்டுக்கொடுக்கக் கூடாது. வேறு இடத்தில் தேடுவோம்.

தினமும் மாலையில் ஆளுக்கொரு பத்து ரூபாய் நொறுக்குத்தீனி பாக்கெட் வாங்கித் தருகிறீர்களா? ஒரு நாளைக்கு 20 ரூபாய், மாதத்துக்கு 600. ஒரு முட்டை 7 ரூபாய் என்று வைத்தாலும் அந்தப் பணத்துக்கு 85 முட்டை வரும். பாக்கெட்டுக்குப் பதில் ஒரு கை வறுத்த வேர்க்கடலையும் ஒரு துண்டு வெல்லமும் கொடுத்துப் பாருங்கள். முதல் வாரம் முகம் தூக்குவார்கள். பிறகு டப்பாவைத் தாங்களே திறப்பார்கள்.

அடுத்தது கவர் கணக்கு. சம்பளம் வந்த அன்றே வாடகை, மளிகை, கேஸ், பள்ளிச் செலவு எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள். மீதியை ஐந்து கவரில் போடுங்கள். நான்கு கவர் நான்கு வாரத்துக்கு. ஐந்தாவதில் கொஞ்சம் போட்டால் போதும், அது மாதக் கடைசியில் நீட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு மூன்று நாளுக்கு. பால், காய், முட்டை, கறி, மீன் எல்லாம் அந்தந்த வாரக் கவரிலிருந்துதான். இரண்டாவது கவர் வெள்ளிக்கிழமையே தீர்ந்துவிட்டால் மூன்றாவதைப் பிரிக்காதீர்கள். வெள்ளி, சனி இரண்டு நாளும் வீட்டில் இருப்பதை வைத்து ஓட்டுங்கள். சுண்டைக்காய் வற்றல் குழம்பு ஒரு நாள், பருப்புத் துவையலும் ரசமும் ஒரு நாள். மாதக் கடைசியில் பத்து நாள் திண்டாடுவதைவிட வாரத்துக்கு இரண்டு நாள் சமாளிப்பது எவ்வளவோ சுலபம்.

கேள்வி: ரேஷன் அரிசி சாப்பிடுகிறோம் என்று தெரிந்தால் சொந்தக்காரர்கள் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். என்ன பதில் சொல்ல?
— வாசகி, விருத்தாசலம்

பதில்: ஒரு தட்டு இட்லி வையுங்கள். அதுவே சொல்லும்.

ரேஷன் புழுங்கல் அரிசி இட்லிக்கு அருமையான அரிசி. நான்கு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உருட்டு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை ஐந்தாறு முறை களைந்து நான்கைந்து மணி நேரம் ஊற வையுங்கள். பழைய வாடை அந்தக் களைதலில் போய்விடும். உளுந்துக்கு ஒரு மணி நேரம் போதும். அதைத் தனியாக, குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து ஆட்டுங்கள். டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மாவை விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம் ஆட்டுங்கள். உளுந்து பொங்கிவிட்டால் அரிசி எந்தக் கடையிலிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். இலவச அரிசியில் ஆட்டும் மாவுக்கு உளுந்துக்கும் கரண்டுக்கும்தான் செலவு. கடையில் வாங்கும் மாவுப் பாக்கெட்டின் விலையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அரிசியோடு நின்றுவிடாதீர்கள். 2007-லிருந்து ரேஷனில் துவரம் பருப்பும் பாமாயிலும் தருகிறார்கள். பருப்பு கிலோ 30 ரூபாய், எண்ணெய் லிட்டர் 25 ரூபாய். வெளிக் கடையில் அந்தப் பருப்பு எத்தனை மடங்கு என்பது உங்களுக்கே தெரியும். சரக்கு வந்ததும் போய் வாங்கிவிடுங்கள். அது உங்கள் உரிமை. அதில் தலைகுனிய ஒன்றுமே இல்லை.

கேள்வி: என் கணவருக்குத் தினமும் புதுசாக ஒரு தொடுகறி வேண்டும்!
— வாசகி, காரைக்குடி

பதில்: முருங்கைக்கீரையை அவரை ஆய்ந்து தரச் சொல்லுங்கள். தானே ஆய்ந்த கீரையைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பையன் டப்பாவில் வரும் சத்துபானம் குடிக்கிறான். என் மகனுக்கு வாங்கித் தர முடியவில்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.
— ஆறு வயது மகனின் அம்மா, ஆம்பூர்

பதில்: அந்தக் கவலையை இன்றைக்கே இறக்கி வையுங்கள். டப்பாவைத் திருப்பி, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று வாசியுங்கள். அளவில் எது அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு மூன்று பெயருக்குள் சர்க்கரை வந்துவிடுகிறதா, பாருங்கள். நம் உணவுச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், அந்தத் தலைப்பின் கீழ் இப்படிப்பட்ட பானங்களை விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது.

உங்கள் மகனுக்குக் கேழ்வரகு இருக்கிறது. 100 மில்லி பாலில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் கால்சியம் என்றால், 100 கிராம் கேழ்வரகில் 340-க்கு மேல். கேழ்வரகை ஓர் இரவு ஊற வைத்து, துணியில் கட்டி முளை விட்டதும் நிழலில் உலர்த்தி, வாசம் வர வறுத்து அரைத்து வையுங்கள். கால் பங்கு பொட்டுக்கடலை சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தேக்கரண்டி மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க விட்டு, பாலும் கொஞ்சம் வெல்லமும் சேர்த்தால் ஒரு டம்ளர் கஞ்சி. பக்கத்து வீட்டுப் பையனுக்கும் ஒரு டம்ளர் கொடுங்கள்.

கேள்வி: வெள்ளை முட்டையா, பழுப்பு முட்டையா?
— வாசகர், ராசிபுரம்

பதில்: நாமக்கல் மாவட்டத்திலிருந்துகொண்டு இந்தக் கேள்வியா! வெள்ளைதான். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, சத்து இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். பழுப்புக்குக் கொடுக்கும் கூடுதல் காசில் இன்னொரு வெள்ளை முட்டை வாங்குங்கள்.

கேள்வி: எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சம் இருப்பதைத்தான் நான் சாப்பிடுவேன். சில நாள் வெறும் ரசம் சோறுதான். கொஞ்ச நாளாகத் தலை சுற்றுகிறது. வீட்டுக்காகத்தானே, இதுவும் ஒரு சிக்கனம்தானே?
— மூன்று பிள்ளைகளின் அம்மா, தென்காசி

பதில்: இல்லை தங்கச்சி. இது சிக்கனமே இல்லை. இந்த வாரம் வந்த கடிதங்களில் என்னை உட்கார விடாமல் செய்தது உங்கள் கடிதம்தான்.

2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நூறு பெண்களில் பாதிக்கு மேல். அவர்களில் பலர் உங்களைப் போலத்தான், கரண்டியைக் கையில் வைத்திருப்பவர்கள், கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுபவர்கள். நீங்கள் படுத்துவிட்டால் ஆஸ்பத்திரிச் செலவு, ஓட்டல் சாப்பாடு, அவர் லீவு போட்டதால் சம்பளப் பிடித்தம் என்று வருகிற செலவு, ஒரு வருஷம் நீங்கள் விட்டுக்கொடுத்த முட்டைக் காசைவிட அதிகம். காசுக் கணக்கை விடுங்கள். உங்கள் உடம்பு உங்களுடையது, அதுவும் அந்த வீட்டின் உடம்புகளில் ஒன்று.

ஐந்து பேர் வீட்டில் நான்கு முட்டை வேக வைப்பவர் யார் என்று எனக்குத் தெரியும். ஐந்தாவது முட்டையை இன்றைக்கே சட்டியில் போடுங்கள். சமைத்து இறக்கியதும் மற்றவர்களுக்குப் போடும் முன்பே, ஒரு தட்டில் உங்கள் சோறு, உங்கள் பருப்பு, உங்கள் முட்டை, உங்கள் கீரை எல்லாவற்றையும் எடுத்து மூடி வையுங்கள். பிறகு பரிமாறுங்கள். யாராவது இன்னொரு கரண்டி கேட்டால் சட்டியிலிருந்து கொடுங்கள். மூடிய தட்டை யாருக்காகவும் திறக்காதீர்கள். பிள்ளைகள் கேட்டால், ‘இது அம்மா பங்கு’ என்று சொல்லுங்கள். மகனும் மகளும் காதால் கேட்டு வளர வேண்டிய வார்த்தை அது.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம். இந்த வாரமே போங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் மாத்திரை தருவார்கள். வயிறு கொஞ்சம் மந்தமாக இருக்கும், மலம் கறுத்துப் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். சாப்பாட்டில் முருங்கைக்கீரை, கொள்ளு, சுண்டைக்காய், எள். அசைவம் உண்டு என்றால் கோழி ஈரலோ ஆட்டுச் சுவரொட்டியோ வாரம் ஒரு நாள். கீரை சாப்பிடும்போது பாதி எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்தை டீ தடுத்துவிடும், ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். வெல்லமும் பேரீச்சையும் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பரிசோதனை செய்துகொண்டு எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

கேள்வி: தக்காளி விலை ஏறினால் எங்கள் வீட்டில் சமையலே நின்றுவிடுகிறது.
— வாசகி, தாம்பரம்

பதில்: தக்காளி இல்லாத குழம்புகளால்தான் நம் ஊர் வாழ்ந்தது! 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குக் கொடுத்தார்களே, அப்போதும் மோர்க்குழம்பும் புளிக்குழம்பும் விலை ஏறவில்லை. ரசத்துக்குப் புளி அல்லது எலுமிச்சை, சீசனில் மாங்காய். சாம்பாருக்கும் புளியே போதும். விலை விழும்போது இரண்டு கிலோ வாங்கி, எண்ணெயும் உப்பும் மிளகாய்த்தூளும் சேர்த்துத் தண்ணீர் வற்றச் சுண்ட வைத்துத் தொக்காக எடுத்து வையுங்கள்.

கேள்வி: சிலிண்டர் நாற்பது நாளைத் தாண்டமாட்டேன் என்கிறது. நான்கு பேர்தான் இருக்கிறோம்.
— வாசகி, ஈரோடு

பதில்: முதலில், வாங்கும்போதே எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காலி எடை சிலிண்டர் மேலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோ கூட்டிப் பாருங்கள். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்பக்கத்தில் ஓர் எழுத்தும் வருஷமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், அப்படியே சி, டி. மறுசோதனைக்கான கெடு அது. கெடு தாண்டிய சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். இது காசு விஷயமில்லை, உயிர் விஷயம்.

இனி அடுப்பு. நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் பர்னர் அடைத்திருக்கிறது. சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறை இரவே ஊறப் போடுங்கள். ஊறிய கடலை ஊறாததைவிட வெகு சீக்கிரம் வெந்துவிடும். குக்கரில் அடியில் பருப்பு, மேல் தட்டில் அரிசி, அதற்கும் மேலே ஒரு கிண்ணத்தில் உருளையோ பீட்ரூட்டோ என்று ஒரே விசிலில் மூன்று வேலையை முடித்துவிடலாம். முதல் விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள். அடுப்பை அணைத்த பிறகும் ஆவி அடங்கும்வரை குக்கருக்குள் வேகிறது, அந்தச் சூட்டுக்குக் காசில்லை.

கேள்வி: எட்டு மாதக் குழந்தை. மாமியார் தேன் தொட்டு வைக்கச் சொல்கிறார். கணவர் டின் உணவு வாங்கலாம் என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?
— இளம் தாய், பட்டுக்கோட்டை

பதில்: குழந்தையின் பேச்சை. அது பருப்புச் சோறு கேட்கிறது.

தேன் ஒரு வயதுவரை வேண்டவே வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கிவிடும், உயிருக்கே ஆபத்து. ‘அத்தை, டாக்டர் ஒரு வயசு ஆகட்டும்னு சொல்லிட்டாங்க’ என்று மெதுவாகச் சொல்லிவிடுங்கள். அவர் ஆசையோடு சொன்னது. அந்த ஆசைக்கு வேறு வேலை கொடுங்கள், பாசிப்பருப்பு வறுத்து அரைத்துத் தரச் சொல்லுங்கள்.

டின்னும் வேண்டாம். அங்கன்வாடியில் பதிவு செய்து சத்துமாவு வாங்கிக்கொள்ளுங்கள், இலவசம். வீட்டில் குழைய வெந்த சோறும் பாசிப்பருப்பும் மசித்து, அரைத் தேக்கரண்டி நெய். மசித்த வாழைப்பழம், வெந்த கேரட், வேகவைத்த முட்டையின் மஞ்சள். ஒன்று பிடிக்கவில்லை என்றால் மூன்று நாள் கழித்து மறுபடி கொடுங்கள். ஒரு வயதுவரை உப்பும் சர்க்கரையும் தேவையில்லை. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஆவினில் பச்சையா, நீலமா, ஆரஞ்சா? மகளுக்கு மூன்று வயது.
— வாசகர், அரியலூர்

பதில்: நீலம். அதில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. புரதம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் கொழுப்பு தேவை, பச்சை வாங்குங்கள். உங்கள் மகளுக்கு நாளைக்கு அரை லிட்டருக்குள் போதும். அதைத் தாண்டினால் பாலே வயிற்றை அடைத்துக்கொண்டு சோறு இறங்காது.

கேள்வி: நான் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மனைவி கைக்குழந்தையோடு வீட்டில் தனியாக அல்லாடுகிறாள். சமைக்கத் தெரியாது. என்னால் என்ன செய்ய முடியும்?
— இளம் கணவர், திருப்பூர்

பதில்: தம்பி, கேட்டதற்கே உங்களை வாழ்த்த வேண்டும். ஞாயிறு விடியற்காலை உழவர் சந்தைக்குப் போங்கள். 1999 நவம்பர் 14-ல் மதுரையில் முதல் சந்தை திறந்தார்கள், இன்று உங்கள் ஊரிலும் இருக்கிறது. விவசாயியே கொண்டுவந்து விற்பார், விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள், வெளிக் கடையைவிடக் குறைவு. வாரத்துக்கான காயை வாங்கி வந்து நீங்களே கழுவித் துடைத்துப் பிரித்து வையுங்கள். வெண்டையும் கீரையும் முதல் இரண்டு நாளுக்கு, கத்தரியும் அவரையும் நடுவில், பூசணி, சேனை, கேரட், முட்டைக்கோஸ் வாரக் கடைசிக்கு. சின்ன வெங்காயத்தை உரித்து டப்பாவில் போட்டுவிடுங்கள். பூண்டையும்தான்.

மாலை வந்ததும் குழந்தையை ஒரு மணி நேரம் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அவர் சமைக்க வேண்டும் என்று இல்லை. உட்காரட்டும், குளிக்கட்டும், தூங்கட்டும். சோறு வடிக்க ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம், சீக்கிரம் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகன் நன்றாகத்தான் சாப்பிடுகிறான், உடம்பில் ஒட்டவே இல்லை.
— வாசகி, ஓசூர்

பதில்: வயிற்றில் பூச்சி பங்கு கேட்கிறதோ என்று பாருங்கள். வருஷத்துக்கு இருமுறை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் குடற்புழு நீக்க மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள், தவறவிடாதீர்கள். அப்புறமும் எடை ஏறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: தடைக்காலத்தில் மீன் விலை எட்டவே இல்லை. மீன் இல்லாமல் எங்களால் முடியாது!
— வாசகி, நாகப்பட்டினம்

பதில்: நாகப்பட்டினத்துக்காரரிடம் மீனை விடச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகுதானே போகாது, நாட்டுப்படகு போகும். வஞ்சிரத்தையும் வவ்வாலையும் மறந்துவிட்டு நெத்திலி, சூடை, மத்தி தேடுங்கள். நெத்திலியை முள்ளோடு மெல்லலாம், பிள்ளைகளுக்குக் கால்சியம். மத்தியில் இருக்கும் நல்ல கொழுப்புக்கு வஞ்சிரம் ஈடாகாது. தடைக்காலத்துக்கு முன்பே கருவாடு கொஞ்சம் வாங்கி வைத்திருந்தால், கத்தரிக்காயும் மொச்சையும் போட்டு ஒரு குழம்பு. வெந்நீரில் இரண்டு முறை அலசினால் உப்பு குறையும்.

கேள்வி: தீபாவளிச் சீட்டில் மாதம் 500 கட்டுகிறேன். நல்லதுதானே?
— வாசகி, கும்பகோணம்

பதில்: சேமிக்கும் பழக்கம் நல்லது, சீட்டு நடத்துபவர் பதிவு செய்தவரா என்று பார்த்தீர்களா? சிட் நிறுவனங்களுக்கு 1982-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. பதிவெண் காட்டாதவரிடம் பிள்ளைகளின் தீபாவளியைக் கொடுக்காதீர்கள். தபால் அலுவலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து தொடர் வைப்பு தொடங்கலாம், ஐந்து வருஷக் கணக்கு. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிறவர்கள், வந்த அன்றே அதில் ஒரு பங்கை அங்கே போட்டுவிடுங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காவிட்டால் மாமனார் முகம் வாடிவிடுகிறது. ஆறு பேருக்கு ஒரு கிலோ எடுத்தால் அந்த வாரமே கவிழ்ந்துவிடுகிறது.
— மருமகள், சாத்தூர்

பதில்: அவர் முகம் வாடக் கூடாது, உங்கள் வாரமும் கவிழக் கூடாது. அரைக் கிலோ கோழியை எலும்போடு, சிறு துண்டாக வெட்டி வாங்குங்கள். கழுத்தும் ஈரலும் சேர்த்துக் கேளுங்கள். சின்ன வெங்காயம் தாராளமாக, மிளகு, சீரகம், சோம்பு, தேங்காய் அரைத்து ஊற்றிக் குழம்பைக் கூட்டி, பாதி வெந்ததும் இரண்டு உருளைக்கிழங்கும் இரண்டு முருங்கைக்காயும் போடுங்கள். குழம்பில் ஊறிய உருளையைக் கறிக்குச் சமமாகப் பிள்ளைகள் அள்ளுவார்கள். கழுத்தெலும்பைத் தனியாக மிளகு தட்டிப் போட்டு ரசம் வையுங்கள், அது மாமனாருக்கு முதலில் ஒரு டம்ளர். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கோழி, நடுவில் வரும் ஞாயிறு முட்டைக் குழம்பு அல்லது கருவாடு. அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்: ‘மாமா, இந்த ஞாயிறு எது வைக்கட்டும்?’ குழம்பு இறக்கியதும் இரண்டு துண்டு கறியும் ஈரலும் எடுத்து உங்கள் தட்டில் மூடி வைத்துவிட்டுப் பந்தியைத் தொடங்குங்கள்.